உஷார்! ஆடிச் சலுகையில் கேதார்நாத் கிளம்புகிறீர்களா?

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெரியம்மா போன வாரம் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். காலையில் பேப்பருக்குள் செருகி வந்தது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. ஆடிச் சிறப்புச் சலுகையாம். காசி, ஹரித்துவார், பத்ரிநாத், கேதார்நாத், மொத்தம் 14 நாள். நம்ம ஊர்ச் சாப்பாடு, போகிற இடமெல்லாம் வெந்நீர்.

“ஏப்பா, கண்ணாடி எடுத்துட்டு வரல. என்னைக்குக் கெளம்புறாங்கன்னு பாத்துச் சொல்லு. ஆடியில இங்க ஒரு விசேஷமும் கெடையாது. பேத்தி கல்யாணம் தையிலதான். அதுக்குள்ள கேதாரத்தப் பாத்துட்டு வந்துருவோம்னு இருக்கேன். சித்திரையில கேட்ட காசுக்கு இது பாதிதான்.”

தேதியைப் பார்த்தேன். ஜூலை கடைசியில் கிளம்பி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மதுரை ஜங்ஷனில் வந்து இறங்குகிறார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது. பெரியம்மாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுபோல ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும்.

மதுரைக்காரர்களுக்கு ஆடி என்றால் காற்று. மாட்டுத்தாவணி தொடங்கி மேலூர் வரைக்கும் புழுதி பறக்கும். மழை என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. கண்மாய் பெருகுவதும் வைகையில் வெள்ளம் புரள்வதும் அப்போதுதான். அதனால் ஜூலை, ஆகஸ்ட் என்று யாராவது சொன்னால் நம் மனசில் மழையே வருவதில்லை. இமயமலையில் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழை அங்கே உச்சத்தில் இருப்பது நம் ஆடியிலும் ஆவணியிலும். அந்த மாதங்களில் கேதார்நாத்துக்குக் கூட்டம் சரிந்துவிடுகிறது. லாட்ஜும் வண்டியும் சும்மா நிற்கின்றன. இங்கே நாமும் சும்மா இருக்கிறோம். பாதி விலையின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆடியில் அங்கே என்ன நடக்கும் என்று பாருங்கள். 2025 ஆகஸ்ட் 5. நம் காலண்டரில் ஆடி 20. கங்கோத்ரி போகிற வழியில், உத்தரகாசி மாவட்டத்தில் தராலி என்ற ஊர். யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜுகளும் ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த இடம். பட்டப்பகலில் கீர்கங்கை என்ற ஓடை வழியாகச் சேறும் பாறையும் இறங்கி, மாடிக் கட்டடங்களைச் சில நொடிகளில் மூடிவிட்டன. எதிர்மலையில் இருந்தவர்கள் செல்போனில் எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓடு, ஓடு என்று கத்துகிறார்கள், விசிலடிக்கிறார்கள். கீழே ஓடுகிறவர்களுக்கு ஓட இடமில்லை. அந்த ஊர் நின்றதே, அதே ஓடை முன்னொரு காலத்தில் கொண்டுவந்து கொட்டிய சரளை மேட்டின் மேல்தான்.

ஒன்பது நாள் கழித்து, ஆடி 29 அன்று, ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் சோசிட்டி. மச்சைல் மாதா கோயிலுக்கு நடைப்பயணமாகப் போக வந்தவர்கள் அன்னதானப் பந்தலில் கூடியிருந்த நேரத்தில் அங்கேயும் சேறும் வெள்ளமும் இறங்கின. 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2024 செப்டம்பரில், சிதம்பரம் பக்கத்திலிருந்து ஆதி கைலாசம் போன 30 பேர் நிலச்சரிவில் பாதை அடைபட்டு நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வீடு திரும்பினார்கள். எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை அமைவதில்லை.

“மலையின்னா மண்ணு சரியத்தான்ப்பா செய்யும். கொடைக்கானல் ரோட்டுல சரியலையா?” என்றார் பெரியம்மா.

நியாயமான கேள்வி. கொடைக்கானல் மலைக்கு மேலே ஆகாயம்தான் இருக்கிறது. கேதார்நாத்துக்கு மேலே பனியாறு இருக்கிறது.

இந்தச் சொல்லை நாம் சரியாகப் பழகவில்லை. பனி என்றால் நமக்கு மார்கழிக் காலையில் தெப்பக்குளத்து மைய மண்டபத்தை மறைக்கிற பனிதான். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் போய்விடும். கிளேசியரைப் பேப்பரில் ‘பனிப்பாறை’ என்று போடுகிறார்கள். கடலில் மிதந்து கப்பலில் மோதுவதற்கும் அதே பேர். பாறை என்று கேட்டதும், யானைமலை மாதிரி அசையாமல் ஒரே இடத்தில் கிடப்பது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. பனியாறு என்பதே பொருத்தம். அது நகர்கிற ஆறு. ஒரு வருஷம் விழுந்த பனி உருகி முடிவதற்குள் அடுத்த வருஷத்துப் பனி மேலே விழும். அடியில் இருப்பது அழுந்தி அழுந்திக் கட்டியாகும். கனம் நூறு, நூற்றைம்பது அடியைத் தாண்டினால் தன் எடை தாங்காமல் சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கும். கங்கை பிறக்கிற கங்கோத்ரி பனியாற்றின் நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மேலூர் வரைக்கும் ஒரே பனிக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையான கோமுகம் 1935-இல் இருந்த இடத்திலிருந்து இன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது.

பின்னால் போகிற பனியாறு சும்மா போவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் மலையை உரசி உடைத்துத் தள்ளிவந்த சரளையையும் பாறையையும் முன்னால் ஒரு மேடாக விட்டுவிட்டுப் போகிறது. அந்த மேட்டுக்கும் பனியாற்றுக்கும் நடுவில் உருகிய தண்ணீர் தேங்குகிறது. அதாவது ஒரு கண்மாய் உருவாகிறது.

கண்மாய் என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கரை உண்டு, மடை உண்டு, மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலுங்கு உண்டு. கலுங்கு பாய்ந்தால் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். நம் முன்னோர் கரை போடும்போதே, தண்ணீர் மிஞ்சினால் எந்தப் பக்கம் போகும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மண்ணைக் கொட்டினார்கள். மலையுச்சியில் பனியாறு கட்டிவிட்டுப் போன கண்மாய்க்குக் கலுங்கும் கிடையாது, காவலுக்கு மடைக் கருப்பும் கிடையாது. கரை என்பது ஒட்டாத சரளை. சில இடங்களில் அந்தச் சரளைக்கு உள்ளேயே பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கும். அது உருக உருகக் கரை உள்ளுக்குள் பொத்தலாகிக்கொண்டே வரும்.

கேதார்நாத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே அப்படி ஒரு கண்மாய் இருந்தது. பேர் சோராபாரி. காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். 400 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 15 முதல் 20 மீட்டர் ஆழம். தண்ணீர் வெளியேற வழி கிடையாது. அடியில் கசிந்து போனால் உண்டு. வாடியா இமயமலை நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் அங்கே ஒரு கூடாரம் போட்டுப் பனியாற்றை அளந்துகொண்டிருந்தார்கள். 2013 ஜூன் 15 மாலை 5 மணியிலிருந்து மறுநாள் மாலை 5 மணிக்குள் அவர்கள் வைத்திருந்த மழைமானியில் 325 மில்லிமீட்டர் பதிவானது. பருவமழை அந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது. மேலே கிடந்த பனியும் மழையோடு சேர்ந்து கரைந்தது. 17-ஆம் தேதி காலையில் கரை உடைந்தது. ஏரி முழுவதும் காலியாக ஐந்திலிருந்து பத்து நிமிஷம் ஆனது என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பத்து நிமிஷம். ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடிக்கிற நேரம்.

கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு பெரும்பாறை வெள்ளத்தை இரண்டாகப் பிரித்ததால் மூலக் கட்டடம் தப்பியது. சுற்றியிருந்த கடைகள், சத்திரங்கள், தங்கியிருந்த மனிதர்கள் போனார்கள். உத்தரகாண்ட் முழுவதும் சேர்த்து இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நாலாயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டு யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கி, அரசு மீட்டுக் கொண்டுவந்ததை நாம் டிவியில் பார்த்தோம். அது நடந்தது ஆனி மாதம் தொடங்கிய இரண்டொரு நாளில் என்பதைக் கவனியுங்கள். ஆடி வருவதற்கே ஒரு மாதம் இருந்தது.

சிக்கிமில் நடந்தது இன்னும் பெரிது. தெற்கு லோனாக் என்ற பனியேரி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. உடையும் என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதினார்கள். 2016-இல் மலையேறிப் போய்க் குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, ஏரியின் பக்கவாட்டுச் சரளைச் சரிவு பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. இஸ்ரோ செயற்கைக்கோள் படத்தில் செப்டம்பர் 28-இல் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4 காலையில் 60 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்தது. வெளியே வந்த தண்ணீர் 5 கோடி கன மீட்டர். நம் கணக்கில் ஒன்றே முக்கால் டிஎம்சி. வைகை அணை 71 அடிக்கு நிரம்பி நிற்கும்போது இருக்கிற தண்ணீரில் கால் பங்குக்குக் குறையாமல், ஒரே ராத்திரியில், செங்குத்தான பள்ளத்தாக்கு வழியாக வந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்துக்காகக் கட்டிய அணை நின்ற இடம் தெரியாமல் போனது.

இதற்கு மழைகூட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்தின் ஒரு பக்கம் பாறையும் பனிக்கட்டியுமாகப் பிளந்து விழுந்தது. ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர். விழுந்த வேகத்தில் உரசிய சூட்டில் பனிக்கட்டி நீராகி, பாறையோடு சேர்ந்து குழம்பாக ஓடியது. ரிஷிகங்கா, தபோவன் மின்நிலையங்களில் வேலையில் இருந்தவர்கள் உட்பட 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது கிடைக்கவே இல்லை. பனியேரி உடைந்தது என்றுதான் முதல் நாள் எல்லா டிவியும் சொன்னது. பிறகு பார்த்தால் ஏரியே இல்லை. மலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் உறைபனி இளகினால் பாறையே கழன்று வரும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா கேட்டது இது: “சிவன் இருக்குற எடம். அங்க அத்தன குளிரு. ஐஸு ஏன்ப்பா உருகுது?”

சித்திரை வெயிலில் உச்சிக்காலத்துக்குக் கோயிலுக்குப் போனவர்களுக்கு இதற்குப் பதில் உள்ளங்காலில் இருக்கிறது. பல கோயில்களில் வெளிப்பிராகாரக் கல்தளத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று அடித்திருப்பார்கள். எல்லாரும் அதன் மேலேயே வரிசையாக நடப்பார்கள். ஒரு எட்டு விலகிக் கருங்கல்லில் கால் வைத்தால் துள்ள வேண்டியதுதான். ஒரே கல், ஒரே வெயில். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; கருப்பு குடிக்கிறது. பூமிக்கு வெள்ளைப் பட்டை பனிதான். புதிதாக விழுந்த பனி, தன் மேல் படுகிற வெயிலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பனி போய் அடியில் இருக்கும் பாறையோ கடலோ வெளியே தெரிந்தால், அது வெயிலைக் குடித்துச் சூடேறும். அந்தச் சூட்டில் பக்கத்துப் பனியும் கரையும். கரையக் கரையக் கருப்பு கூடும். பனியாறு தட்பவெப்பத்தைக் காக்கிறது என்று புத்தகத்தில் படிப்பதன் முதல் அர்த்தம் இதுதான். தண்ணீரைச் சேமித்து வைப்பது இரண்டாவது வேலை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து காட்டுங்கள். ஃப்ரிட்ஜில் உறையவைத்த ஐஸ் கட்டி இரண்டை மொட்டைமாடியில் வெயிலில் வையுங்கள். ஒன்றின் மேல் அடுப்புக்கரியை நுணுக்கிக் கொஞ்சம் தூவுங்கள். எது முதலில் கரைகிறது என்று அவர்களே கத்திச் சொல்வார்கள். இமயமலையில் நடப்பதும் அதுதான். விறகடுப்பு, டீசல் வண்டி, செங்கல் சூளை, அறுவடை முடிந்து கொளுத்துகிற தாள், இவற்றின் கரி வடக்குச் சமவெளியிலிருந்து பறந்து பனியின் மேல் படிகிறது. இந்தக் கரிப்புகை சூரிய வெப்பத்தைக் குடித்து இமயமலைக் காற்றையே சூடாக்குகிறது என்று மாலத்தீவில் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு அளந்து காட்டியவர் நம்மவர், வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, ஃப்ரிட்ஜ் கம்பெனியில் வாயு ஏன் கசிகிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். அதே ஃப்ரிட்ஜ் வாயு கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாக பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

எவ்வளவு கரைகிறது? 2000 முதல் 2023 வரை உலகத்துப் பனியாறுகள் வருஷத்துக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்திருக்கின்றன. கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலங்கள் இதில் சேர்த்தியில்லை. தண்ணீராக்கினால் ஆண்டுக்கு 9,600 டிஎம்சி. வைகை அணையை ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல் நிரப்பலாம். இந்துகுஷ் இமயமலையில் 2011 தொடங்கிய பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகப் பனி கரைந்திருக்கிறது என்று காத்மாண்டுவில் இருக்கும் இசிமோட் நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது.

இங்கே இன்னொரு உஷாரும் வேண்டியிருக்கிறது. ‘2035-இல் இமயமலையில் பனியே இருக்காது, கங்கை வற்றிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் தவறாகப் போட்ட வரி அது. 2010 ஜனவரியில் அவர்களே தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். கங்கையின் பெருந்தண்ணீர் பருவமழையிலிருந்து வருவது. பனியாற்றை அதிகம் நம்பியிருப்பது சிந்து. அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு ‘உருகுவதே பொய்’ என்று வருகிற செய்தியையும் அனுப்பாதீர்கள். இரண்டும் ஆளைக் கெடுக்கும்.

“சரிப்பா, நான் போகல. இங்கேயே இருந்துட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று எழுந்தார் பெரியம்மா. அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். இங்கேயே இருந்தாலும் இமயமலைப் பனி நம்மைத் தொடும்.

தாது வருஷப் பஞ்சம் பற்றி மதுரையில் இன்றைக்கும் பேச்சு உண்டு. 1876 முதல் 1878 வரை. மழை பொய்த்து, மதுரைச் சீமை கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்றது. அந்தப் பஞ்சத்துக்குப் பின் இரண்டு காரியங்கள் நடந்தன. நெடுநாள் பேச்சாகவே கிடந்த பெரியாறு அணைத் திட்டம் வேகம் பிடித்து, பென்னி குவிக் கட்டி முடித்து, 1895-இல் தண்ணீர் மலையைக் குடைந்து நம் பக்கம் வந்தது. இதை எல்லாரும் அறிவோம். இன்னொன்றை அறிந்தவர் குறைவு. மழை பொய்க்குமா பொய்க்காதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா பார் என்று, 1875-இல் தொடங்கியிருந்த வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டிடம் அரசாங்கம் கேட்டது. அவர் எங்கே பார்த்தார் தெரியுமா? இமயமலையில் கிடந்த பனியை. வசந்தத்தில் பனி அளவுக்கு மேல் கிடந்தால் அந்த வருஷம் பருவமழை இளைக்கும் என்று 1884-இல் எழுதினார். வெள்ளைப் பட்டைக் கணக்குத்தான்: பனி நீடித்தால் நிலம் சூடேறாது, நிலம் சூடேறாவிட்டால் கடல் காற்றை இழுக்காது. இந்தியாவின் நீண்டகால மழைக் கணிப்பு அங்கிருந்துதான் ஆரம்பம்.

அந்த உறவு பிளான்ஃபோர்ட் நினைத்த அளவு நேர்க்கோடாக இல்லை. பின்னால் அதே துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக் கடல்வரை கண்ணை ஓட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் ஜூன் பிறந்தால் பெரியாறு அணை எத்தனை அடி என்று பேப்பரில் தேடுகிற மேலூர் விவசாயி பார்த்துக்கொண்டிருப்பது தென்மேற்குப் பருவமழையைத்தான். அந்த மழையை இழுக்கிற அடுப்பு வடக்கே இருக்கிறது. பனி குறைந்தால் மழை கூடும், நல்லதுதானே என்று கேட்கலாம். சூடேறிய காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் போட்டு உடைக்கும். 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கட்டிலைத் தூக்கியதை அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள்.

கிழக்கே ராமநாதபுரம் கரைக்குப் போனால் இன்னொரு கணக்கு. 1901-இலிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண் ஏறியிருக்கிறது. இப்போது ஏறும் வேகம் இன்னும் அதிகம். கிரீன்லாந்து எங்கேயோ இருக்கிறது, ராமேஸ்வரம் இங்கே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால், அங்கேதான் ஏமாறுகிறோம். பெரும் பனிப்படலம் தன் எடையால் சுற்றியிருக்கும் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அது கரைந்தால் பிடி தளர்ந்து, அந்தப் பக்கத்தில் கடல் இறங்கும். தூரத்தில் இருக்கிற நம் பக்கம் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். தூரமாக இருப்பவனுக்குத்தான் அடி அதிகம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கனவே தண்ணீருக்கு அடியில். அதில் பெரும் பங்கு, பவளப்பாறையை வெட்டி விற்ற நம் பாவம். பாறை போன கரையில் இனி கடல் ஏறினால் தடுக்க ஆளில்லை.

பெரியம்மா பேசாமல் இருந்தார். பிறகு நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “அப்ப எப்பத்தான் போறது?” என்றார்.

அவருக்குச் சொன்னது எல்லாருக்கும். கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி எதுவாக இருந்தாலும் நடை திறந்ததிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விட்டுத் திரும்புங்கள். தவறினால், பருவமழை விலகிய பிறகு புரட்டாசி இரண்டாம் பாதியில் தொடங்கி, நடை சாத்துவதற்குள் போங்கள். ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வேண்டவே வேண்டாம். பாதி விலை என்றாலும், இலவசம் என்றாலும் வேண்டாம்.

எந்த மாதம் போனாலும் யாத்திரைப் பதிவை உங்கள் பெயரில், உங்கள் செல்போன் எண்ணில் செய்யுங்கள். ஏஜெண்டின் எண்ணில் செய்தால் எச்சரிக்கையும் அவருக்குத்தான் போகும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியைக் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். போகிற மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்தால் அதில் தெரியும். சிவப்பு எச்சரிக்கை என்றால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். வண்டிக்காரர் அவசரப்படுத்தினாலும் ஏறாதீர்கள். ஆற்றை ஒட்டிய அறை, ஓடை வந்து ஆற்றில் விழுகிற இடத்து லாட்ஜ், இரண்டையும் தவிர்த்து மேட்டில் அறை கேளுங்கள். ‘ஆறு தெரியும் அறை’ என்று கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று வற்றினாலும், திடீரென்று கலங்கினாலும், மேலேயிருந்து லாரி வருவதுபோல உறுமல் கேட்டாலும் மூட்டை முடிச்சைத் தேடாதீர்கள். வற்றினால் மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆற்றோடு கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும். 112, 1070 என்ற இரண்டு அவசர உதவி எண்களையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எந்த ராத்திரி எந்த ஊரில் தங்கல் என்ற பட்டியல் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

டூர் நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களை நம்பி வருகிறவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆடி மாதத்து இமயமலை நோட்டீஸை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். அந்த மாதத்தில் கூட்டிப்போகத் தெற்கே ஊர் இல்லையா, கோயில் இல்லையா?

பெரியம்மா மறுநாளே அந்த டூர் ஆபீசுக்குப் போய், புரட்டாசிக் கடைசிப் பயணத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நீங்கள் ஆடிக்குப் பேர் கொடுத்திருந்தால், உங்கள் அம்மாவோ மாமியாரோ கொடுத்திருந்தால், நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே போன் போட்டுத் தேதியை மாற்றிக் கேளுங்கள்.